வள்ளிமயிலின் விண்ணப்பம்

மூன்றாவது படிவத்தையும் அவள் கெடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டு இருக்கும். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியவில்லை. தொடக்கப் பள்ளியின் ஓட்டுக் கூரைக்குக் கீழே பதினேழு பிள்ளைகள் தரையில் குனிந்து உட்கார்ந்து கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பேனா உரசும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. வெளியே ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை.

வள்ளிமயில் கடைசி வரிசையில், சுவரோரம். நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். ‘மாணவரின் பெயர்’ என்ற கட்டத்தில் ‘இ’ என்று எழுதி, அதைத் தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்தாள். முதல் படிவத்திலும் அதேதான். இரண்டாவதிலும் அதேதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னம்மா இது? உன் பேரு ‘வ’வுலதானே ஆரம்பிக்குது?”

“ஆமா டீச்சர்.”

“அப்பறம் ‘இ’ எதுக்கு?”

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். யாரோ அவள் மடியில் வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“கை அப்படிப் போகுது டீச்சர்” என்றாள்.

டீச்சர் இல்லாத டீச்சர்

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டீச்சர் இல்லை.

கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த கதையைப் போன அத்தியாயத்தில் படித்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காக: தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் இளநிலை உதவியாளர். சேர்க்கைப் பிரிவு. கம்பி வைத்த ஜன்னலுக்கு உள்ளே நான். வெளியே கையில் மஞ்சள் பையும் பைக்குள் சான்றிதழுமாகப் பிள்ளைகளும் தகப்பன்மாரும்.

அந்த ஜன்னல் வழியாக நான் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களை இப்போதும் மறக்க முடியவில்லை. ஒரு பையன் ‘தாய்மொழி’ என்ற இடத்தில் ‘தாய் முத்தம்மாள், மொழி தமிழ்’ என்று எழுதியிருந்தான். சிரித்தோம். நல்ல மதிப்பெண் வாங்கிய இன்னொருத்தி சாதிச் சான்றிதழ் வைக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

எங்கள் மாதா கோயில் பங்கில் அருளானந்து சார் என்று ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். பூசை முடிந்து வரும்போது இதை அவரிடம் சொல்லிப் புலம்பினேன்.

“இங்கன உக்காந்து திருப்பி அனுப்புறதுக்கு, நாம அங்குட்டுப் போயே சொல்லிக் குடுக்கலாமே” என்றார்.

அப்படித்தான் ஒக்கூருக்குத் தெற்கே உள்ளடங்கிய ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தது. ஊர்ப் பேரைச் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். சார் கணக்கும் இயற்பியலும் எடுத்தார். நான் இங்கிலீஷும், படிவம் நிரப்புவதும், எந்தத் துறைக்கு எந்த மதிப்பெண் வேண்டும் என்பதும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதனால் நான் டீச்சர்.

அவர்களுக்குப் படிப்பு வரவில்லை என்பது பிரச்சினை இல்லை. கல்லூரி என்றால் என்னவென்று கண்ணால் பார்த்ததே இல்லை. ஆகவே ஒரு விடுமுறை நாளில் எல்லாரையும் பஸ்ஸில் கூட்டிவந்து, எங்கள் கல்லூரியின் காலி வகுப்பறை ஒன்றில் உட்கார வைத்தோம். சும்மா உட்காருங்கள், அவ்வளவுதான் என்றோம். பிள்ளைகள் பெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதுவிட்டாள்.

வள்ளிமயில் அங்கேயும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

இரண்டு பேர்

அவளிடம் வித்தியாசமாக மூன்று விஷயங்கள் உண்டு. மூன்றையும் நான் கவனித்தேன். எதையும் யோசிக்கவில்லை.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமைகூடப் பள்ளிக்கூட யூனிபார்மில் வருவாள். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. மற்றப் பெண்கள் ஞாயிறு என்றால் கலர் உடுத்தி வருவார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்து பள்ளிக்கூடமே இல்லாதபோதும் இவள் மட்டும் அதே வெள்ளைத் தாவணி.

இரண்டாவது, அந்த இடம் விடுவது. நெருக்கி உட்காரச் சொன்னால் நகர்வாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அந்த இடைவெளி வந்துவிடும்.

மூன்றாவது, வருகைப் பதிவு. நான் ஒரு நோட்டில் பேர் வாசித்து டிக் போடுவேன். “வள்ளிமயில்” என்றால் உடனே பதில் வராது. அவள் தலை கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பும், அந்தக் காலி இடத்தை நோக்கி. வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று காத்திருப்பதுபோல இருக்கும். அதற்கப்புறம்தான் “உள்ளேன் டீச்சர்.”

கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பேர் என்றால் தடுமாற்றம் வருவது எனக்குப் புதிதில்லை. எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் இரண்டு பேர். ஞானஸ்நானப் புத்தகத்தில் நான் லூர்து மேரி. வீட்டில் ராணி. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் லூர்து மேரி என்று கூப்பிட்டால் யாரையோ என்று சும்மா உட்கார்ந்திருந்து அடி வாங்கியிருக்கிறேன். அதனால் அவளும் அந்த மாதிரி என்றுதான் விட்டுவிட்டேன்.

ஒரு சம்பவத்தை மட்டும் விட முடியவில்லை.

தை மாதம் இருக்கும். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பிள்ளை சொன்னாள்: “வள்ளிக்கு அம்மை போட்டிருக்கு டீச்சர். நாலு நாளா வேப்பிலையில படுத்துக் கெடக்குறா.”

“வந்திருந்தாளே” என்றேன்.

“என்னைக்கு டீச்சர்?”

“இன்னைக்கு.”

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பையிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். வள்ளிமயில் பேருக்கு நேரே டிக் இருந்தது. என் பேனா, என் கை. அருளானந்து சார் அன்றைக்கு மாதிரித் தேர்வு வைத்திருந்தார். பதினேழு பேருக்குத்தான் வினாத்தாள் கொண்டுவந்தோம். ஒன்றும் மிஞ்சவில்லை.

“எண்ணுனது தப்பாயிருக்கும்மா. பழக்கதோஷத்துல டிக் போட்டிருப்பே” என்றார் சார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு வரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவைக் கூப்பிடு

மூன்றாவது படிவமும் கிழிந்த அன்றைக்கு வருவோம்.

மற்றப் பிள்ளைகள் போனபிறகு அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். கிழிந்த படிவத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். கடைசியில், “சொன்னா நம்ப மாட்டீக டீச்சர். வீட்டுக்கு ஒரு எட்டு வந்து பாருங்க” என்றாள்.

கண்மாய்க் கரையோடு நடந்தோம். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உச்சி வெயிலில் எங்கள் நிழல்கூட எங்களோடு வரவில்லை. வழியில் ஒரு ஆள் தென்படவில்லை.

சின்ன ஓட்டு வீடு. முற்றத்தில் அவளுடைய அம்மா ராக்கு புளி உடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தாவணியைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்ததை நான் மறக்க முடியாது.

“வள்ளி, வந்துட்டியா? வெயில்ல வாடிப்போயிட்டியே தாயி!” என்று எழுந்தாள். என்னைப் பார்த்து, “டீச்சரா? வாங்க, வாங்க. இவளுக்கு நீங்கதான் காலேஜுக்கு எழுதிப் போடுறீகளாம்ல” என்றாள். எனக்கொரு செம்பு மோர், மகளுக்கொரு செம்பு மோர். மகள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று விசிறினாள். முந்தானையால் அவள் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

இப்படி ஒரு அம்மாவா, இதற்கா இவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

“இந்தா வாரேன் டீச்சர்” என்று அவள் உள்ளே போனாள்.

ராக்கு மறுபடி புளிக்கு உட்கார்ந்தாள். “மூத்தவ படிப்புல கெட்டி டீச்சர். இளையவதான் ஒண்ணுக்கும் ஆகலை. மாடு, வெறகுன்னு கெடக்குறா.”

“உங்களுக்கு ரெண்டு பொண்ணா மதினி?”

“ஆமா. மூத்தவ வள்ளி. இளையவ இருளாயி. எங்க சாமி பேரு.”

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். வெளுத்துப்போன பூப்போட்ட பாவாடை, கிழிந்த சட்டை. ரெட்டைச் சடை அவிழ்ந்து கொண்டையாகியிருந்தது. அவளேதான். சற்று முன் மோர் குடித்த அதே பெண்.

ராக்குவின் முகத்தில் கோபம் இல்லை. அந்த மலர்ச்சி மட்டும் போய்விட்டது. திரியை இறக்கிய விளக்குப்போல.

“எங்கடி போனே? மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?”

“காட்டிட்டேம்மா.”

“டீச்சர் வந்திருக்காக. அக்காவைக் கூப்பிடு.”

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். “இந்தா கூப்பிடுறேன்” என்று உள்ளே போனாள்.

ராக்கு என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னாள்: “இவளும் பள்ளிக்கூடம் போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். என்ன செய்ய டீச்சர், ஒருத்தியைத்தானே படிக்க வைக்க முடிஞ்சுச்சு.”

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. துணி உதறும் சத்தம். அந்த இரண்டு மூன்று நிமிஷம் நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் புளியங்கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைத் தாவணி வெளியே வந்தது. சடை மறுபடி பின்னியிருந்தது.

“கூப்பிட்டியாம்மா?” என்றாள். குரல்கூட வேறாக இருந்தது.

செம்பில் பாதி மோர் மிச்சம் இருந்தது. என்னால் குடிக்க முடியவில்லை.

கண்மாய்க் கரையில்

பஸ்ஸுக்கு என்னை வழியனுப்ப வந்தாள்.

“எத்தனை வருஷமா இப்படி?” என்று கேட்டேன்.

“ஒண்ணாப்புலேருந்து டீச்சர். எனக்குப் பழகிப்போச்சு. யூனிபார்ம் போட்டா அம்மா தலை சீவிவிடும். மொத சோறு எனக்குத்தான். கழட்டிட்டா நான் சும்மா இருளாயி.”

“உங்க அக்கா?”

“எனக்கு ஞாபகமே இல்லை டீச்சர். காய்ச்சல்ல போயிருச்சாம்.”

கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அவளாகவே சொன்னாள்: “அம்மை போட்டிருந்தப்ப நான் பழைய பாவாடையில படுத்திருந்தேன்ல, அம்மா வந்து பாத்துட்டு, ‘நீ கெட. அக்கா ஞாயித்துக்கெழமை கிளாசுக்குப் போயிட்டா’ன்னுச்சு.”

நோட்டில் போட்டிருந்த டிக்கை அவளிடம் சொல்லவில்லை.

“சில நேரம் வராத கணக்கு சட்டுனு வந்துரும் டீச்சர். அப்ப பக்கத்துல அவ இருக்கிற மாதிரி இருக்கும். போட்டது நானா, அவளான்னு தெரியாது. அதான் இடம் விட்டு உக்காருவேன்.”

“மார்க் வாங்குனது நீதான்.”

அவள் தன் வெள்ளைத் தாவணியைப் பார்த்தாள்.

“காலேஜுக்கு யூனிபார்ம் கிடையாதாமே டீச்சர்?”

“கிடையாது.”

“அப்பக் கலர் தாவணியில நான் கெளம்புனா, அம்மாவுக்கு யாரு காலேஜுக்குப் போவா?”

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

சேவுகன் சொன்னது

இரண்டு நாள் கழித்து அலுவலக ஜன்னலில் ஒரு ஆள் வந்து நின்றார். தோளில் துண்டு, காலில் செம்மண். இருளாயியின் அப்பா சேவுகன். மகள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூத்தவள் வள்ளிமயில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், மார்கழியில், தாய்க்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். இரண்டு பேரையும் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிள்ளைக்கு அது மூளைக்குப் போய்விட்டது. நாலாம் நாள் முடிந்துவிட்டது. ராக்கு அப்போது நினைவில்லாமல் வேறு கட்டிலில் கிடந்தாள். இவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தனியாகப் புதைத்தார். ராக்கு வீடு திரும்பப் பத்து நாளாயிற்று.

“சொன்னேன்மா. கேட்டுக்கிருச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அஞ்சாறு மாசம் வாயே தெறக்கலை. சோறு ஊட்டித்தான் விட்டேன்.”

ஆனியில் சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் மூத்தவள் பேரைப் பதிவேட்டில் அடிக்கவே இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும் என்று பயம். ‘பேரு இருக்குல்ல, அதுலயே இதை உக்கார வையி’ என்றாராம். வேறு சட்டை இல்லாததால் அக்காவின் யூனிபார்மையே போட்டு அனுப்பினார்கள்.

“அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்துட்டு ராக்கு சிரிச்சுச்சும்மா. ‘வள்ளி, பாத்துப் போ தாயி’ன்னுச்சு. ஆறு மாசத்துல மொத வார்த்தை. நான் என்னத்தைச் சொல்லுவேன்? அப்படியே விட்டுட்டேன். ஊருக்கும் தெரியும். யாரும் வாயைத் தெறக்கலை.”

துண்டால் முகத்தைத் துடைத்தார். “நான் விட்டது தப்புத்தான். அதுக்காக எம்புள்ளை படிப்பை நிறுத்திராதீக.”

நான்காவது படிவம்

சட்டப்படி பார்த்தால் நான் அதை மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பேரும் பிறந்த தேதியும் வேறு ஆளுடையவை. சொன்னால் விசாரணை வரும். மூத்தவளின் மரணத்தைப் பதிவு செய்யச் சொல்வார்கள். செய்தால் வள்ளிமயில் என்ற பேரில் உள்ள பன்னிரண்டு வருஷப் படிப்பும் ஒரு செத்த பிள்ளையின் படிப்பாகிவிடும். கடைசித் தேதிக்கு நாலு நாள் இருந்தது.

அருளானந்து சார் முதலில் கொதித்தார். அந்தப் பழைய தலைமை ஆசிரியரை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இப்பப் போய்த் திருத்துனா, படிச்சவளுக்கு ஒண்ணாப்புச் சான்றிதழ்கூட இருக்காதும்மா” என்றார்.

அவளையே கேட்போம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த நாள் அவளே அலுவலகத்துக்கு வந்தாள், அதே வெள்ளைத் தாவணியில். எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு நான்காவது படிவத்தை வாங்கினாள். பேர் கட்டத்தில் ‘வள்ளிமயில்’ என்று நிறுத்தாமல் எழுதினாள். கையெழுத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

“கையெழுத்து எப்படி வேணும்னாலும் போடலாமா டீச்சர்?”

“போடலாம். எப்பவும் ஒரே மாதிரி போடணும்.”

போட்டாள். கிறுக்கல். முதல் எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. ‘இ’.

நான் அதை வாங்கி முத்திரை குத்தினேன். சரியா தப்பா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன்.

வராந்தாவில்

பி.எஸ்ஸி. கணக்கு. பட்டியலில் அவள் பேர் மேலே இருந்தது. நேர்முகத்துக்குப் பெற்றோரும் வர வேண்டும். சேவுகன் மட்டும் வருவார் என்று நினைத்தேன். ராக்குவும் வந்திருந்தாள். ‘வள்ளியைக் காலேஜில சேக்குறாக, நான் வராம இருப்பனா?’ என்று பிடிவாதமாம்.

வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் இருந்தார்கள். நடுவில் அவள், ரோஸ் கலர் தாவணியில். முதல் தடவையாக நான் அவளைக் கலரில் பார்த்தேன். ராக்கு கேட் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ‘வள்ளி முன்னால போயிட்டாளா?’ என்று கேட்டிருக்கிறாள். ‘போயிட்டா’ என்று சேவுகன் சொல்லியிருக்கிறார்.

முதல்வர் அறை வாசலில் மேசை போட்டு நான் சான்றிதழ் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பியூன் உரக்கக் கூப்பிட்டார்:

“வள்ளிமயில்! தகப்பனார் பேரு சேவுகன்!”

யாரும் எழவில்லை. ராக்கு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

“வள்ளிமயில்!”

யாரும் எழவில்லை. “அடுத்த பேரைக் கூப்பிடவா மேடம்?” என்றார் பியூன். இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

ரோஸ் தாவணி எழுந்தது. ராக்கு சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

“நீ எங்கடி எந்திரிக்கிறே? அக்காவைக் கூப்பிடுறாக.”

“அக்கா இல்லைம்மா.”

“இங்கனதான் எங்குட்டாச்சும் நிப்பா. இரு.”

“அக்கா அன்னைக்கே செத்துப்போச்சும்மா. காய்ச்சல்ல.” அவள் கத்தவில்லை. சொல் சொல்லாகச் சொன்னாள். “பள்ளிக்கூடம் போனது பூராம் நான். நீ தலை சீவிவிட்டது எனக்கு. மோர் குடுத்தது எனக்கு. இந்த மார்க்கு என்னோடதும்மா.”

வராந்தாவில் நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். சேவுகன் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ராக்கு மகளின் முகத்தைத் தொட்டாள். நெற்றி, காது, தாடை என்று இருட்டில் தடவுகிற மாதிரி மெல்ல மெல்லத் தொட்டாள்.

“நீ இளையவ.”

“ஆமாம்மா.”

“அப்ப மூத்தவ?”

ராக்கு பிடித்திருந்த கையை விட்டாள். மகள் என்னைக் கடந்து உள்ளே போனாள்.

நாலு நிமிஷத்தில் நேர்முகம் முடிந்தது. கணக்கு ஏன் எடுக்கிறாய் என்று முதல்வர் கேட்டார். “எனக்குப் பிடிக்கும் சார்” என்றாள். இடம் கிடைத்துவிட்டது.

அவள் வெளியே வந்தபோது ராக்கு பெஞ்சில் இல்லை. தேடிப் போனால், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மெலிதாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. முதலில் அது ஒரு மனுஷி வாயிலிருந்து வருகிறது என்றே எனக்குப் படவில்லை. பிறகுதான் அது அழுகையானது. அன்றைக்குச் செத்த பிள்ளைக்கு அழுகிறமாதிரி அழுதாள். ஐந்து வயதுப் பிள்ளையின் சின்னக் காலை, சின்னக் கையைச் சொல்லிச் சொல்லி அழுதாள். புதிதாகச் சேர வந்த பெண்கள் பயந்துபோய்த் தூர நின்றார்கள்.

அதற்கப்புறம்

இதை நான் மகிழ்ச்சியாக முடித்துவிடலாம். அவள் பட்டம் வாங்கினாள், பி.எட். படித்தாள், இன்றைக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சான்றிதழில் இப்போதும் வள்ளிமயில்தான். மாற்றலாமே என்று கேட்டதற்கு, “இருக்கட்டும் டீச்சர், பாவம்” என்று சொல்லிவிட்டாள். இதெல்லாம் உண்மை.

ஆனால் நடுவில் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த முதல் கல்வியாண்டு முழுக்க ராக்கு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் தானே சோறாக்கி, தானே கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவாள். “நான்தான் அவளைக் கொன்ன மாதிரி பாக்குது டீச்சர்” என்று ஒரு நாள் சொன்னாள். அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக உயிரோடிருந்த ஒரு பிள்ளை என் மேசைக்கு முன்னால்தான் செத்தது என்று எனக்கும் தோன்றும்.

அடுத்த பங்குனியில் ஒரு பிற்பகல், ஜன்னலுக்கு வெளியே நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ராக்கு நின்றாள். தனியாக. சுங்குடிச் சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை.

“டீச்சர், ஒரு காயிதம் வேணும்.”

“என்ன காயிதம் மதினி?”

“எம் மூத்தவ செத்துட்டான்னு. எங்கயுமே அப்படி எழுதலையாம்ல.”

நான் எழுந்து வெளியே வந்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அப்படி ஒரு காகிதம் ஆபீஸில் வாங்கினால் இளையவள் படிப்பு என்னாகும் என்று விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளுக்கு முழுதும் புரிந்தது.

“அப்ப ஆபீஸ் காயிதம் வேணாம். நீங்களே ஒரு தாளில எழுதிக் குடுங்க. எனக்கு மட்டும்.”

முத்திரை இல்லாத வெள்ளைத் தாளில் எழுதினேன்: சேவுகன், ராக்கு தம்பதியின் மூத்த மகள் வள்ளிமயில், ஐந்து வயதில், மார்கழி மாதம், காய்ச்சலில் இறந்துபோனாள்.

“படிங்க” என்றாள். படித்தேன். “இன்னொருக்கா” என்றாள். படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“அடியில இன்னொண்ணு எழுதுங்க.”

“சொல்லுங்க மதினி.”

“இளையவ இருளாயி இருக்கா.”

எழுதினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடைசி வரியில் விரலை வைத்து, “இதுதான அவ பேரு?” என்று கேட்டாள். விரலை நகர்த்தி, சரியான இடத்தில் வைத்தேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காலேஜ் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டாள். நாலு மணிக்கு என்றேன். வராந்தாப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணிக்கு மணி அடித்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தார்கள், நீலமும் மஞ்சளும் பச்சையுமாக. ராக்கு எழுந்து நின்று, இத்தனை பேரில் எங்கே தேடுவதென்று திகைத்தாள். பிறகு வயலில் கூப்பிடுகிற மாதிரி, தொண்டை தெறிக்கக் கூப்பிட்டாள்.

“ஏய் இருளாயீ!”

அந்தக் கல்லூரிப் பதிவேட்டில் அப்படி ஒரு பேரே கிடையாது. படிக்கட்டின் நடுவில் ஒருத்தி மட்டும் சட்டென்று நின்று திரும்பினாள்.